கிராணி நாற்காலியும் துரை நாற்காலியும்

கெடா மாநிலத்தின் குருண் பட்டணத்துக் கடைத்தெருவிலும், செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் நடுவே எஞ்சி நிற்கும் தோட்டத்துக் குடியிருப்புகளிலும், பாட்டனார் பால்மரம் சீவியும் தகப்பனார் லாரி ஓட்டியும் நிமிர்த்திய குடும்பங்களிலிருந்து, ஏ.சி.சி.ஏ. என்றும் சி.எஃப்.ஏ. என்றும் தம் பெயருக்குப் பின்னால் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்ட இளைஞர்களும் யுவதிகளும் இன்று தோன்றியிருக்கிறார்கள் என்பது, நமது சமூகத்தைப் பற்றி மேடையேறினால் கண்ணீர் வடித்தே பழகிவிட்ட பேச்சாளர்கள் சற்றே கவனிக்க வேண்டிய விஷயம். அவர்களில் சிலர் அந்த மட்டோடு நில்லாமல், சிங்கப்பூரிலும் லண்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள பெரிய வணிகப் பள்ளிகளுக்கு விண்ணப்பம் அனுப்பத் துணிந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட விண்ணப்பக் கட்டுரைகள் சில, திருத்தித் தரும்படி என்னிடம் வந்தன. இலக்கணப் பிழை அவற்றில் அதிகமில்லை; எழுதியவர்களின் அறிவுக்கும் குறைவில்லை. எனினும் ஒன்றையடுத்து ஒன்றாகப் படித்து வருகையில், இவை அனைத்தும் ஒரே தவறான இடத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதப்பட்டவை என்ற அபிப்பிராயம் என் மனத்தில் உறுதிப்பட்டது. அது எந்த இடம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

சான்றிதழ்களை இளப்பமாகப் பேசுவது என் நோக்கமன்று. 1904-ல் லண்டனில் தோன்றிய ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் ஸ்தாபனத்தின் 13 தாள்களிலும், பட்டதாரிகளுக்கு விலக்கு அளிக்கப்படும் சில நீங்கலாக, தாளுக்கு 50 மதிப்பெண்ணுக்குக் குறையாமல் வாங்கித் தேறி, அதற்குமேல் 36 மாத வேலை அனுபவத்தையும் மேலதிகாரியின் ஒப்புதலோடு நிரூபித்தாலன்றி ஒருவர் அதன் அங்கத்தினராக முடியாது. அமெரிக்காவில் 1963-ல் முதல் பரீட்சை நடத்திய, முதலீட்டு ஆய்வாளருக்கான சி.எஃப்.ஏ. இதனினும் கடுமையானது. அதற்கு மூன்று படிகள். படிக்குச் சுமார் 300 மணி நேரம் படிக்க வேண்டுமென்று அந்த ஸ்தாபனமே சொல்கிறது. 2021 ஜூலையில் முதற்படியை எழுதியவர்களில் நூற்றுக்கு 22 பேர்தான் தேறினார்கள். மூன்று படிகளையும் ஏறி முடித்த பின்னரும் 4,000 மணி நேரத் தொழில் அனுபவம் இல்லாவிட்டால் பட்டயம் கைக்கு வராது. பகலெல்லாம் சுங்கைப் பட்டாணியிலோ பினாங்கிலோ கணக்காய்வு அலுவலகத்தில் உழைத்துவிட்டு, இரவு சமையலறை மேசையில் சாப்பாட்டுத் தட்டுகளை ஒதுக்கிவைத்து, அடுத்த அறையில் ஓடும் தொலைக்காட்சித் தொடரின் அழுகைச் சத்தத்துக்கு நடுவே கடன்பத்திரங்களின் காலவரையைக் கணக்கிட்டுப் பழகிய ஒரு பிள்ளையின் பிரயாசையை எந்த வணிகப் பள்ளியும் குறைத்து மதிப்பதில்லை; நானும் குறைத்து மதிக்கவில்லை.

இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. இத்தனை பரீட்சைகளை வென்று வந்தவருக்கு உலகமே ஒரு பரீட்சை மண்டபமாகத் தோன்றத் தொடங்கிவிடுகிறது, எம்.பி.ஏ. விண்ணப்பத்தை அவர் ஏ.சி.சி.ஏ.வின் பதினான்காவது தாளாகவோ சி.எஃப்.ஏ.வின் நாலாவது படியாகவோ பாவித்து அதற்கும் ஒரு விடைக் குறிப்பைத் தேடுகிறார். இதற்கு அனுகூலமாக ஜி.மேட் என்ற நுழைவுத் தேர்வு ஒன்றும் இருக்கிறது. 1954 முதல் நடந்துவரும் அந்தத் தேர்வு இப்போது இரண்டே கால் மணி நேரத்தில் 64 வினாக்கள் என்ற அளவுக்குச் சுருங்கி, 205-லிருந்து 805 வரை மதிப்பெண் இடுகிறது. நமது பிள்ளைகள் அதற்கு மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். கட்டுரைகளையோ கடைசி வாரத்தில் எழுதுகிறார்கள். ஜி.மேட் மதிப்பெண் என்பது இவர் பாடத்தைத் தாக்குப்பிடிப்பாரா என்பதற்குச் சாட்சி, சி.எஃப்.ஏ.வும் அதே விஷயத்துக்கு இன்னொரு சாட்சி. அதனால்தான் சில பள்ளிகள் இத்தகைய சான்றிதழ் உடையவர்களுக்கு நுழைவுத் தேர்வையே தள்ளுபடி செய்துவிடுகின்றன. ஒரே சங்கதிக்கு மூன்றாவது சாட்சியை, நாலாவது சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதால் வழக்கு பலப்படுவதில்லை. நீதிபதிக்குக் கொட்டாவிதான் வருகிறது.

ஹார்வர்ட் வணிகப் பள்ளியையே எடுத்துக்கொள்வோம். 2024-ல் அது தன் பழைய ஒற்றைக் கேள்வியைக் கைவிட்டு மூன்று சிறு கட்டுரைகளைக் கேட்கத் தொடங்கியது. ஒன்று, உமது அனுபவங்கள் உமது தொழில் தேர்வை எப்படி உருவாக்கின என்பது பற்றியது. மற்றொன்று, பிறரை முன்னேற்ற நீர் என்ன செய்திருக்கிறீர், எப்படிப்பட்ட தலைவராக விரும்புகிறீர் என்பது பற்றியது. மூன்றாவது, எதை அறியும் ஆவலால் நீர் வளர்ந்தீர் என்பது பற்றியது. ஒவ்வொன்றுக்கும் 250 அல்லது 300 சொற்களே இடம். இம்மூன்றில் எதற்காவது 'நான் பதின்மூன்று தாளும் முதல் முயற்சியிலேயே தேறினேன்' என்பது பதிலாகுமா?

என்னிடம் வந்தவற்றில் ஒன்றை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். எழுதியவர் குருணைச் சேர்ந்த ஒரு பெண், பினாங்கில் கணக்காய்வாளர். கட்டுரையின் முதற்பத்தியில் பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் வாங்கிய ஏக்கள், இரண்டாவதில் ஏ.சி.சி.ஏ.; மூன்றாவதில் சி.எஃப்.ஏ. இரண்டாம் படி, நான்காவதில் தாம் சரிபார்த்த கம்பெனிகளின் சொத்து மதிப்பு, மில்லியன் வெள்ளிக் கணக்கில். படித்து முடித்ததும், இந்த ஐந்தாறு ஆண்டுகளில் மற்றவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் நீ செய்தது ஏதாவது உண்டா என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்தார். பிறகு தயங்கித் தயங்கி ஒரு சம்பவத்தைச் சொன்னார். அவர் குடும்பம் முன்பு இருந்த தோட்டத்து நிலம் கைமாறி, கோயிலை அப்புறப்படுத்த நேர்ந்தபோது இழப்பீடாகக் கொஞ்சம் பணம் வந்திருக்கிறது. கமிட்டியில் பாதிப் பேர், பழைய குடும்பங்களுக்குப் பணத்தைப் பங்கு போட்டுவிட்டுச் சிலைகளைப் பட்டணத்துக் கோயிலில் சேர்த்துவிடலாம் என்றார்கள். மறுபாதி, எப்பாடு பட்டாவது புதுக் கோயில் எழுப்ப வேண்டும் என்றார்கள். கணக்குப் பார்க்கத் தெரியும் என்பதற்காக அழைக்கப்பட்ட இந்தப் பெண், இருபத்து மூன்று வயதில், கோபுரமில்லாத சிறிய கோயிலும் அதையொட்டிப் பிள்ளைகள் படிக்க ஒரு கூடமும் கட்டலாம், மீதியை மூன்று பேர் கையொப்பம் இல்லாமல் எடுக்க முடியாதபடி வங்கியில் போட்டுவைக்கலாம் என்று ஒரு திட்டத்தை வெள்ளைத்தாளில் எழுதி வீடுவீடாகக் கொண்டுபோயிருக்கிறார். சொந்தப் பெரியப்பா ஒருவர் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். கோயில் எழும்பிவிட்டது, கூடத்தில் மாலை வகுப்பு நடக்கிறது. இதையல்லவா எழுத வேண்டும் என்றேன். "அது கோயில் விஷயம் ஐயா, அதப் போயி வெளியூர்க்காரங்களுக்கு எழுதுறதா? பெரியப்பா பேர் கெட்டுப்போகும்," என்றார்.

இந்தக் கூச்சம் தனி ஒருவருடையதன்று. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவதும், செக்ரோலில் நாள் பதிவதும், கொண்டுவந்த பாலை நிறுத்து எழுதுவதும், மாதக் கடைசியில் பிடித்தம் போகச் சம்பளம் போடுவதும் தோட்ட எழுத்தரான கிராணியின் காரியங்கள். எந்தக் காட்டைச் சாய்த்து மறுநடவு செய்வது, எத்தனை ஆளை வைத்துக்கொள்வது, எத்தனை பேரை அனுப்பிவிடுவது, ரப்பரை விட்டுச் செம்பனைக்குப் போவதா வேண்டாமா என்பவை தோட்ட நிர்வாகியான துரையின் காரியங்கள்; அவருக்கும் மேலே, மரத்தைக் கண்ணால் பார்த்திராத டைரக்டர்கள் லண்டனில் இருந்தார்கள். கிராணிமார்களில் பெரும்பாலோர் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாருமாக இருந்த அந்தக் காலத்தில், லயத்தில் இருந்த தமிழ்த் தொழிலாளி தன் மகனுக்குக் கண்ட உச்சபட்சக் கனவு அந்தக் கிராணி நாற்காலிதான். வெயில் படாத வேலை, வெளுத்த சட்டை, தனி வீடு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிழையில்லாத கணக்கு! துரை நாற்காலியைக் கனவு காண அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கண்டிருந்தால் சிரித்திருப்பார்கள். தோட்டங்கள் கைமாறி, துண்டுபட்டு, வீடுகளாக மாறி எத்தனையோ காலமாகியும், அந்தக் கனவின் உயரம் மட்டும் நம் வீடுகளில் மாறாமல் இருக்கிறது. பிழையில்லாத கணக்கே மேன்மை என்று வளர்ந்த பிள்ளை, ஏ.சி.சி.ஏ. முடித்ததும் உலகத்தரமான கிராணி ஆகிறது. எதைக் கணக்கிட்டாய் என்று கேட்டால் அதற்கு நூறு பதில் உண்டு. எதைத் தீர்மானித்தாய் என்று கேட்டால், தீர்மானித்ததையும் மறைத்துவிடுகிறது. பெரிய வணிகப் பள்ளிகளோ இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கின்றன.

அவை அப்படிக் கேட்பதற்குக் காரணம் அவற்றின் போதனா முறையிலேயே இருக்கிறது. 1908-ல் ஆரம்பிக்கப்பட்ட ஹார்வர்ட் வணிகப் பள்ளி, 1921-ல் ஒரு காலணிக் கம்பெனியின் பிரச்சினையை எழுதி மாணவர்களுக்குக் கொடுத்ததிலிருந்து, விரிவுரையைக் காட்டிலும் நிஜச் சம்பவங்களை வைத்தே பாடம் நடத்தி வருகிறது. இரண்டு ஆண்டுகளில் ஒரு மாணவர் சுமார் 500 சம்பவங்களைப் படிக்க நேர்கிறது. ஒவ்வொன்றிலும் அவரை நிர்வாகியின் இடத்தில் உட்கார வைத்து, அரைகுறைத் தகவலோடு, இப்போது நீர் என்ன செய்வீர் என்று வகுப்பின் நடுவில் கேட்கிறார்கள். அட்டவணையை வரிசை பிறழாமல் ஒப்பிப்பவர் அங்கே பேச்சற்று நின்றுவிடுவார். மாணவர் அங்கே உட்கார்ந்து படிக்கப்போவது துரை நாற்காலியில். ஆகவே அதில் முன்பே ஒரு தடவையாவது, ஓர் ஓரத்திலாவது உட்கார்ந்து பார்த்தவர்தானா என்று விண்ணப்பத்திலேயே துருவுகிறார்கள்.

கணக்குப்பிள்ளையாகத் தொடங்கித் தீர்மானிப்பவராக உயரும் பாதை தமிழருக்கு அந்நியமானதன்று. நாட்டுக்கோட்டை நகரத்தார் மலாயாவிலும் பர்மாவிலும் கொண்டுவிற்ற நாளில், மீசை முளைக்காத பிள்ளை கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக நுழைந்து, கூட்டிப் பெருக்கி, கடிதம் கொண்டுபோய்க் கொடுத்து, பேரேடு எழுதக் கற்று, அடுத்தாளாக உயர்ந்து, கடைசியில் மேலாளாக அமர்வான். மூன்று வருஷக் கணக்கு என்று கப்பலேறி வந்த அந்த மேலாள், ஊரிலுள்ள முதலாளியைக் கேட்டுக் கேட்டு நடக்க வசதியில்லாத காலத்தில், யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று தன் பொறுப்பில் முடிவு செய்தான். லாபத்தில் பங்கும் பெற்றான், முடிவு பிசகினால் அடுத்த கணக்குக்கு அழைக்கப்படாமலும் போனான். பினாங்குத் தெருவின் கிட்டங்கிகளில் வரிசையாகப் போட்டிருந்த கைப்பெட்டிகளுக்குப் பின்னால் நடந்தது, நான் அறிந்தவரையில், இந்தப் பிரதேசத்தின் முதல் வணிகப் பள்ளி. அது ஒரு குலத்தாருக்கு மட்டுமே திறந்திருந்தது என்பதும், அவர்களிடம் வட்டிக்கு வாங்கியவர்களின் கதை வேறு என்பதும் மறுக்க முடியாதவை. ஆனாலும் பேரேட்டை முடிவல்ல, ஆரம்பம் என்று கருதிய ஒரு பயிற்சி முறை நம் மொழியிலேயே நடந்திருக்கிறது.

நவீன காலத்திலும் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. பிரிக்பீல்ட்ஸில் 1938-ல் பிறந்து, அங்குள்ள விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்து, விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் வழியாகக் கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளத்தில் மெல்பர்ன் சர்வகலாசாலைக்குப் போன ஆனந்த கிருஷ்ணன், 1964-ல் ஹார்வர்டில் எம்.பி.ஏ. பட்டம் பெற்றார், மேக்சிஸ், ஆஸ்ட்ரோ, மியாசாட் என்று அவர் கட்டியெழுப்பியவற்றைப் பயன்படுத்தாத வீடு நம் நாட்டில் அரிது. கோயம்புத்தூரில் 1941-ல் பிறந்த நிர்வாக இயல் அறிஞர் சி. கே. பிரகலாத், சென்னை லயோலாவில் பௌதிகம் படித்துவிட்டு, பத்தொன்பது வயதில் யூனியன் கார்பைடு கம்பெனியின் பேட்டரி ஆலையில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகே அகமதாபாத் ஐ.ஐ.எம்.முக்கும், அதன்பின் ஹார்வர்டுக்கும் போனார். தம் வாழ்க்கையின் திருப்புமுனை அந்த ஆலைதான் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 2021 ஜனவரி முதல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் தலைவராக இருக்கும் ஸ்ரீகாந்த் தாதார் தமிழரல்லர், ஆனால் நம் விஷயத்துக்கு மிகப் பொருத்தமானவர்: இந்தியாவில் சார்ட்டர்ட் அக்கவுண்டண்டாகத் தேறி, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்து, ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்தவர். கணக்கு நாற்காலியிலிருந்து புறப்பட்டவருக்கு அந்தப் பள்ளியின் கதவு அடைக்கப்பட்டிருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

இனி, எழுத எங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்கும் கெடாப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கதி. ஐம்பதுகளில் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கியதும், வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையும் வீடும் சேர்த்து இழந்தன. அந்த வேளையில் அமைச்சராயிருந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே அது வாங்கிய முதல் தோட்டம், நம்முடைய கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். அன்றைய சம்பளத்தில் பத்து வெள்ளி என்பது சாதாரணத் தொகையா? வெட்டுக்காரர்களின் சேமிப்பைத் திரட்டி, விற்க அவசரப்படும் ஒரு முதலாளியிடம், ரப்பர் விலையின் ஏற்ற இறக்கத்தையும் மறுநடவுச் செலவையும் மதிப்பிட்டு ஒரு சொத்தை வாங்குவது என்பது, சி.எஃப்.ஏ. மூன்றாம் படியில் கேட்கப்படும் எந்தக் கேள்விக்கும் குறைந்ததன்று. அதைச் செய்தவர்கள் அல்லது செய்யக் கையெழுத்திட்டவர்கள் நம் பிள்ளைகளின் பாட்டனார்கள். எந்த வணிகப் பள்ளியிலும் பாடமாக வைக்கத் தகுந்த அந்தச் சம்பவத்தைப் பற்றித் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டிராத பேரன், வால்மார்ட்டின் கொள்முதல் முறையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிறான்.

வேடிக்கையான ஒன்றையும் இங்கே சொல்லிவிடலாம். குருணுக்குத் தெற்கே பீடோங்கில் ஹார்வர்ட் என்ற பெயரிலேயே ஒரு பெரிய தோட்டம் உண்டு. அதன் பிரிவுகளில் அதே பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. ஆகையால் எங்கள் வட்டாரத்துப் பெரியவர் ஒருவர், 'நான் ஹார்வர்டில் படித்தவன்' என்று மார்தட்டினால் அது பொய்யாகாது! அந்த ஹார்வர்ட் தோட்டத்திலிருந்துதான் யுத்தத்துக்குப் பின் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படையைத் திரட்டிக் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் தொழிலாளரை அணிவகுக்கச் செய்தார். 1947-ல் அந்த இயக்கம் கெடாவின் தோட்டங்களை உலுக்கியது, போலீஸார் கடுமையாக அடக்கினார்கள். மனிதரை ஒன்று சேர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு விடை தேடி, லட்சத்துக்கு மேல் டாலர் கட்டி அமெரிக்க ஹார்வர்டுக்குப் போகிறவர்கள், பீடோங் ஹார்வர்டில் நடந்ததையும் விசாரித்துக்கொண்டு போகலாம்.

சிபாரிசுக் கடிதத்தின் கதை இன்னும் பரிதாபம். பெரிய பள்ளிகள் பலவும் இரண்டு சிபாரிசுகளைக் கேட்கின்றன. அவற்றில் ஒன்றாவது நேர் மேலதிகாரியுடையதாக இருந்தால் நல்லது. நமது பிள்ளைகளோ மேலதிகாரியிடம் வாய்திறக்க அஞ்சி, தொகுதி அரசியல்வாதியிடமோ பழைய கல்லூரி முதல்வரிடமோ போய் நிற்கிறார்கள். 'இவர் நல்லொழுக்கமும் பணிவும் கடின உழைப்பும் உடையவர்' என்று முத்திரையிட்ட தாளில் வரும் அந்தக் கடிதம், கிராணி வேலைக்குப் பொருத்தமான சிபாரிசு. ஒரு வாடிக்கைக் கம்பெனியின் இருப்புக் கணக்கில் பிசகு இருப்பதாக இவர் சொன்னார், நான் ஒப்பவில்லை, மறுநாளும் வந்து வாதித்தார், கடைசியில் அவர் சொன்னதே சரியென்று கண்டேன் என்று, உடன் வேலைசெய்த ஒரு மானேஜர் எழுதும் நாலு வரி, மந்திரியின் கடிதத்தைவிட எடை கூடியது. ஆனால் மானேஜரோடு வாதிக்கத் துணியாதவருக்கு அந்த நாலு வரியை யார் எழுதுவார்?

இந்தப் பலவீனத்தை மோப்பம் பிடித்து ஒரு வியாபாரமும் தோன்றிவிட்டது. விண்ணப்ப ஆலோசகர்கள் என்று சொல்லிக்கொள்வோரில் யோக்கியர்களும் இருக்கிறார்கள். ஆனால் வேறு சிலர், தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்ததும் ஒரு தயார் அச்சை எடுத்துவிடுகிறார்கள். மண்ணெண்ணெய் விளக்கு, ஒழுகும் கூரை, குடிகாரத் தகப்பன், கண்ணீரோடு தாய், முடிவில் ஏ.சி.சி.ஏ. என்ற விடிவெள்ளி! குருணில் மின்சாரம் வந்து எத்தனை காலமாயிற்று என்று அந்த ஆலோசகருக்குத் தெரியாது. அந்தத் தகப்பனார் ஆயுளில் ஒரு சொட்டுக் கூடத் தொடாதவர் என்பதும் தெரியாது. வறுமை இருந்தால் அதை ஒளிக்க வேண்டியதில்லை; இல்லாத வறுமையைக் காசு கொடுத்து வாங்குவது அவமானம். உள்ள வறுமையேயானாலும், அது எழுதுகிறவருக்கு நேர்ந்த நிலைமையேயன்றி அவர் செய்த காரியமாகாது. இரக்கத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

பண விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் புத்திமதியெல்லாம் வயிறு நிறைந்தவன் பேச்சாகிவிடும். ஹார்வர்டில் கல்விக் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 75,000 டாலருக்கு மேல்; இன்சியாட் பள்ளியின் பத்து மாதப் படிப்பு 100,000 யூரோவைத் தாண்டிவிட்டது. மாதம் நாலாயிரம் வெள்ளி வாங்கும் ஒருவர் தகப்பனாரின் ஊழியர் சேமநிதியை நம்பி இதில் இறங்கக்கூடாது. எனினும் பலருக்குத் தெரியாத ஒன்றுண்டு. ஹார்வர்ட் தன் உபகாரச் சம்பளத்தைத் தேவையை மட்டும் பார்த்தே கொடுக்கிறது. 2022 முதல், மாணவர்களில் மிகவும் எளிய நிலையிலிருந்து வருகிற சுமார் பத்து சதவீதத்தினருக்குக் கல்விக் கட்டணம் முழுவதையும் ஏற்றுக்கொள்கிறது. சேமிப்பில்லாத குருண் குடும்பத்துக்கு அந்தக் கதவு, இடம் மட்டும் கிடைத்துவிட்டால், பாதிப்பணம் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்பத்தைவிட அகலமாகவே திறக்கும். ஒரு வருஷப் படிப்புக்கு இங்கிலாந்து போக எண்ணுகிறவர்களுக்குச் செவ்னிங் உபகாரச் சம்பளம் இருக்கிறது. அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், படித்துவிட்டு இரண்டு ஆண்டுகளுக்குத் தாய்நாடு திரும்ப வேண்டும். கோலாலம்பூரில் 2015-ல் பேங்க் நெகாரா, எம்.ஐ.டி. ஸ்லோன் பள்ளியோடு சேர்ந்து ஸ்தாபித்த ஏஷியா ஸ்கூல் ஆப் பிசினஸ் உண்டு. நம் மாநிலத்திலேயே, 1984-ல் நிர்வாக இயலுக்கென்று தொடங்கப்பட்ட வட மலேசியப் பல்கலைக்கழகம் சிந்தோக்கில் இருக்கிறது. வேலையை விடாமல் படிக்க விரும்பும் குடும்பஸ்தருக்கு அதைவிடத் தூரத்துப் பெயர் எதற்கு? பூமிபுத்ரா மாணவர் சி.எஃப்.ஏ., ஏ.சி.சி.ஏ. படிக்க அரசாங்கம் 2012-ல் பெனராஜு அறவாரியத்தை ஏற்படுத்தியது. நம் பிள்ளைகளுக்கு அப்படியொரு வழி அமையவில்லை என்பது நியாயமான மனக்குறை. நமது கூட்டுறவுச் சங்கங்களும் தலைவர்களும் இந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் பல உண்டு. திருவிழாவுக்கு வரும் விளம்பரப் பதாகைகளின் செலவில் வருஷத்துக்கு இரண்டு பேரையாவது அனுப்பலாமே என்பது அவற்றில் ஒன்று.

கடைசியாக, அவசரத்தைப் பற்றி. சான்றிதழ் கைக்கு வந்த அதே மாதம் விண்ணப்பிப்பதை நான் ஆதரிக்கவில்லை. கணக்காய்வு வேலையின் சுபாவமே பிறர் செய்த தீர்மானத்தை வருஷக் கடைசியில் வந்து சரிபார்ப்பது; மூன்றாண்டுகள் அதையே செய்தவரிடம் சொல்வதற்குச் சொந்தத் தீர்மானம் குறைவாகவே இருக்கும். ஆகையால் இடையில் இரண்டு ஆண்டுகளைத் தீர்மானம் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கழிக்க வேண்டும். அது கோலாலம்பூர் வங்கியாக இருந்துதான் தீர வேண்டுமென்பதில்லை. குருணின் உரத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவாக இருக்கலாம். சுங்கைப் பட்டாணியில் மாமா நடத்தும் லாரிக் கம்பெனியில், இரண்டு பழைய லாரிகளை விற்று ஒரு புதியதை வாங்குவதா என்று முடிவெடுத்து, அந்த முடிவின் தவணையைத் தானே கட்டிப்பார்க்கும் வேலையாக இருக்கலாம். இதையெல்லாம் செய்து பார்த்தபின், எம்.பி.ஏ.யே வேண்டாம், இந்த லாரித் தொழிலையே பெருக்குகிறேன் என்று ஒருவர் தீர்மானித்தால் அதிலும் எனக்கு ஆட்சேபமில்லை.

போகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு: ஹார்வர்டின் முதல் சுற்று செப்டம்பர் ஆரம்பத்திலும் இரண்டாவது ஜனவரி ஆரம்பத்திலும் முடிகின்றன; மற்றப் பள்ளிகள் பலவும் ஏறத்தாழ இந்த நாட்களை ஒட்டியே நடக்கின்றன. செப்டம்பருக்கு எழுதுகிறவர் மானேஜரிடம் ஜூனிலேயே பேசிவிட வேண்டும். ஜனவரிக்கு எழுதுகிறவர் தீபாவளிப் பலகாரத்தோடு போய்ப் பேசலாம். போகும்போது வெறுங்கையாகப் போகாமல், தாம் சேர்ந்து செய்த வேலைகளில் எந்த மூன்றில் தம் வார்த்தை எடுபட்டது, எதில் எடுபடவில்லை என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போவது உசிதம். மானேஜருக்கும் ஞாபகமறதி உண்டு.